நான்கு அழைப்பு, அறுபத்தொரு பயிற்சி

ஐம்பதுகளின் பிற்பகுதியில் நான் விருதுநகரில் தீயணைப்புக் கோட்ட அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தேன். வீடு சிவகாசியில். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவேன். எனக்குக் கீழே யாரும் கிடையாது. எனக்கு மேலே கோட்ட அதிகாரி ஒருவர். சுற்றிலும் இருந்த நிலையங்கள் மாதாமாதம் அனுப்பும் பட்டியல்களைச் சேர்த்து ஒரே தாளில் தட்டச்சு செய்து மேலிடத்துக்கு அனுப்புவது என் வேலை. எத்தனை அழைப்பு வந்தது, எத்தனை நிமிடத்தில் வண்டி கிளம்பியது, எவ்வளவு தண்ணீர் செலவாயிற்று. பதினேழு வருடங்களில் என் கூட்டல் தவறியதாக ஒரு தாளும் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அப்போது பெருமையாக இருந்தது.

ஒரு கோடைக்கு முன்னால் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அதிக வேலையில்லாத நிலையங்களைப் பக்கத்து நிலையங்களோடு இணைத்துவிடலாமா என்று ஒவ்வொரு கோட்டமும் பதில் சொல்ல வேண்டும். எங்கள் கோட்டத்தில் யோசிக்க அதிகம் இல்லை. தாயில்பட்டிக்குப் போகும் பாதையில் ஒரு கிராமத்தில் துணை நிலையம் ஒன்று இருந்தது. ஒரு பழைய லாரி, அதன் பின்னால் இழுத்துப்போகும் பம்பு, ஒரு கிணறு, தகரக் கொட்டகை, பொறுப்பாளரையும் சேர்த்து ஆறு பேர். அங்கிருந்து பதினொரு மைலில் சிவகாசி டவுன் நிலையம். டவுன் நிலையத்தில் இருந்த ஒரே வண்டி பாதி நாள் பட்டறையில் கிடந்தது, ஆளும் போதவில்லை. பஞ்சுக் கிட்டங்கியில் தீப்பிடித்து அவர்கள் தள்ளுவண்டியில் குழாயை ஏற்றிக்கொண்டு ஓடியதும் உண்டு. கிராமத்து லாரியும் ஆறு பேரும் டவுனுக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று அதிகாரி நினைத்தார். அவர் நினைத்ததில் தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

பதிவேடுகளைப் பார்த்துவர என்னை அனுப்பினார். நான் பஸ்ஸில் போனேன். கொட்டகைக்கு முன்னால் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. குழாய்கள் காயவைத்துச் சுருட்டப்பட்டு வரிசையாக இருந்தன. பொறுப்பாளருக்கு ஐம்பத்திரண்டு வயது, சாத்தூர்ப் பக்கத்துக்காரர், நரைத்த மீசை. ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

இரண்டு வருட அழைப்புப் பதிவேட்டில் நான்கே பதிவுகள். வைக்கோல் படப்பு இரண்டு, கோயில் பந்தல் ஒன்று, கிணற்றில் விழுந்த பசு ஒன்று. சுற்றிலும் இருபதுக்கு மேல் பட்டாசுத் தொழிற்சாலைகள் இருந்தும் அவற்றிலிருந்து ஓர் அழைப்பும் இல்லை. பயிற்சிப் பதிவேட்டில் மட்டும் அறுபத்தொன்று. மாதம் இரண்டு சனிக்கிழமை பயிற்சி செய்ய வேண்டும் என்பது விதி. அதன்படி நாற்பத்தெட்டுதான் வரவேண்டும். மீதிப் பதிமூன்றும் செவ்வாய், புதன் என்று கண்ட நாட்களில், பெரும்பாலும் பகல் பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் இருந்தன.

"பயிற்சி கூடுதலாக இருக்கிறதே," என்று கேட்டேன்.

"பயலுக சும்மா இருந்தா உடம்பு கெட்டுப்போகும் சார்," என்றார் அண்ணாச்சி.

அதிகாரியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "வேலை இல்லாதவன் தண்ணியைப் பீச்சி விளையாடறான். வேற ஒண்ணுமில்லை. இணைச்சிடலாம்னு எழுதுங்க." வரைவை அன்றே தட்டச்சு செய்து வைத்தேன்.

என் மனைவி சிவகாசியில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். தீக்காயக் கட்டுப் போடுவது பெரும்பாலும் அவள் பொறுப்பில் இருந்தது. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பி வரும்போது அந்த நிலையத்தை மூடப்போவதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவள் நடப்பதை நிறுத்திவிட்டாள்.

"அப்புறம் அங்கன கை கால் வெந்ததுகளை யாருங்க கொண்டாருவா?"

"எதற்கு? அங்கேதான் தீயே இல்லையே."

"போன புதன்கிழமைகூட ரெண்டு பொண்ணுகளை அந்த லாரியிலதான் கொண்டாந்து எறக்குனாக. மீசைக்காரர் ஒருத்தர். கூடவே நின்னு, மருந்து வச்சு முடிக்கிற வரைக்கும் போகமாட்டாரு."

"போன புதன் அங்கே பயிற்சி."

"பயிற்சிக்கு யாருங்க தோலு உரிஞ்சு வருவா?" என்று கேட்டுவிட்டு நடந்தாள்.

சாப்பிட்டு முடித்ததும், நிலையத்தில் குறித்து வந்திருந்த பயிற்சித் தேதிகளையும் என் இரண்டு வருட நாட்குறிப்புகளையும் எடுத்து வைத்துக்கொண்டேன். மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து நேரம் கழித்து வந்த நாட்களை நான் மணியோடு குறித்து வைப்பது வழக்கம். காரணத்தையும் எழுதியிருந்தேன்: தீக்காயம், இரண்டு பேர், தீக்காயம், ஒருவர். பதிமூன்று பயிற்சி நாட்களில் ஒன்பது நாட்கள் அந்தக் குறிப்புகளோடு பொருந்தின. மீதி நான்கில் யாருக்கும் காயம் இல்லாதிருந்திருக்கலாம். இரண்டு முறை சரிபார்த்தேன். மூன்றாம் முறை பார்க்கத் தெம்பில்லை.

மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மறுபடி பஸ் ஏறினேன். அண்ணாச்சி பம்பின் மூட்டுகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"பதிமூன்று," என்றேன்.

"எந்தப் பதிமூணு சார்?"

"சனிக்கிழமை இல்லாத பதிமூன்று."

அவர் கையைத் துணியில் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். "டீ சொல்லிருதேன் சார். நின்னுக்கிட்டுக் கேக்குற விசயம் இல்லை."

நிலையம் திறந்த முதல் வருடம், நான் பார்த்த பதிவேட்டுக்கும் முன்னால், ஒரு தொழிற்சாலையில் வெடிமருந்து இடிக்கும் அறை ஒன்று எரிந்துபோனது. ஆள் சேதம் இல்லை. இவர்கள் போய்ப் பக்கத்து அறைகளுக்குப் பரவாமல் தடுத்துவிட்டார்கள். அண்ணாச்சி விதிப்படி அழைப்புப் பதிவேட்டில் எழுதினார். எழுதினால் அதன் நகல் உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்குப் போகும். போனது. தொழிற்சாலைக்கு ஆறு வாரம் பூட்டு. அது தீபாவளி சீசன்.

"ரெண்டாம் நாளே பொம்பளையாளுக வந்துட்டாக சார். ஒரு நாப்பது பேரு. சண்டைக்கு வரலை. சாப்பாடு கொண்டுபோற தூக்குச்சட்டி இருக்குல்ல, அதைக் காலியா கொண்டாந்து நம்ம கேட்டுக்கு முன்னால வரிசையா வச்சிட்டுப் போயிட்டாக. சாயங்காலம் வந்து எடுத்துக்கிட்டாக. மறுநாளும் வச்சாக. ஆறு வாரமும் வச்சாக. ஒரு அக்கா மட்டும் கேட்டுச்சு, 'தீயை அணைச்சீகளே அண்ணாச்சி, எங்க அடுப்பை எதுக்கு அணைச்சீக'ன்னு. நம்ம பயலுக லாரியை வெளிய எடுக்கணும்னா அம்புட்டுச் சட்டியையும் ஒவ்வொண்ணா தள்ளி வைக்கணும்."

அதற்குப் பிறகு தொழிற்சாலைகளிலிருந்து அழைப்பு வருவது நின்றுபோனது. வாளியையும் மணலையும் வைத்துக்கொண்டு அவர்களே தீயோடு மல்லாடினார்கள். ஒரு நாள் போர்மேன் ஒருவர் சைக்கிளில் வந்தார். சட்டைக் கை கருகியிருந்தது. அண்ணாச்சி எழுந்து மணியடிக்கப் போனார். போர்மேன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, இன்னைக்கு நம்ம கம்பெனியில ஒரு பயிற்சி வைங்க," என்றார்.

"நான் அவரு மூஞ்சியப் பாத்தேன். சரிங்கன்னுட்டு மணியடிச்சேன். அன்னைலேர்ந்து அதுதான் வழக்கம் சார். எந்தக் கம்பெனிக்காரனும் வந்து பயிற்சின்னுதான் கேப்பான். கேக்கையில மூச்சு வாங்கும். நாங்களும் பயிற்சின்னுதான் எழுதுவோம்."

"இதைச் சொல்லியிருந்தால் நிலையத்தை யாரும் தொடமாட்டார்களே."

"சொன்னா நிலையம் நிக்கும் சார். நான் நிக்க முடியுமா?" என்றார். அரசாங்கப் பதிவேட்டில் தெரிந்தே பொய் எழுதியவர் என்றாகும். வேலை போகும், ஓய்வூதியம் போகும். டீ வந்தது, குடித்தோம்.

நடந்ததைச் சொல்லாமலே நிலையத்தைக் காப்பாற்ற ஏதாவது வழி உண்டா என்று யோசித்தேன். தொழிற்சாலைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு மனு கொடுக்கலாம் என்று தோன்றியது. இனி ஆபத்து வரலாம், ஆகையால் வண்டி இங்கேயே இருக்கட்டும் என்று எழுதினால் போதும். நடந்தது எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அண்ணாச்சி என்னை அந்தப் போர்மேனிடம் கூட்டிப்போனார். தொழிற்சாலைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று பேசினோம். உள்ளே செருப்போடு போகக்கூடாது.

"வண்டி வேணும் சார். அதுல ரெண்டு பேச்சு இல்லை," என்றார் போர்மேன். "ஆனா எழுத்துன்னு வந்தா மொதலாளி யோசிப்பாக."

"நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம்."

"அப்ப சரி. நல்லவிதமா எழுதிருவோம். பிரஸ்ல நம்ம ஆளு இருக்காரு. நீங்க கவலைப்படாதீக."

"பிரஸ் எதற்கு? கையால் எழுதினாலே போதும்."

"என்ன சார், இம்புட்டுக் காலண்டர் அடிக்கிற ஊருல மனுவைக் கையால எழுதிக் குடுத்தா நாளைக்கு எவன் மதிப்பான்?" என்றார். அண்ணாச்சி சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு மாலை பஸ்ஸில் கொஞ்சம் நிம்மதியாக உட்கார்ந்து வந்தேன்.

பத்து நாள் கழித்து மனு வந்தது. வழவழப்பான தாள், மூன்று வர்ணம், ஓரத்தில் தாமரைப்பூ பார்டர். இருபத்திரண்டு முதலாளிகளின் கையெழுத்து. அதிகாரி அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அச்சு வேலையை மெச்சினார். பிறகு படித்தார். படித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தி, என்னைக் கூப்பிட்டு அந்த வரியைச் சத்தமாக வாசித்தார். "எங்கள் தொழிற்சாலைகள் அனைத்திலும் பாதுகாப்பு விதிகள் முழுமையாகக் கடைப்பிடிக்கப்படுவதால், இந்நாள்வரை ஒரு தீப்பொறிகூட விழுந்ததில்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறோம்."

தாளை மேசைமேல் வைத்தார். "ஒரு பொறிகூட விழலையாம். இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டுச் சொல்றாங்க. அப்புறம் எதுக்குய்யா வண்டி?"

பொறி விழுந்ததா என்று யாரும் முதலாளிகளைக் கேட்கவில்லை. அரசாங்கத்துக்குப் போகிற எந்தத் தாளிலும் அந்த வரியை எழுதி எழுதி அவர்களுக்குக் கை பழகிவிட்டது. மனுவை மற்றத் தாள்களோடு சேர்த்துக் கோத்தேன். இணைக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் வேறு இல்லை.

அறிக்கையை அனுப்ப வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னால் அண்ணாச்சி விருதுநகருக்கு வந்தார். காக்கிச் சட்டை தேய்த்துப் போட்டிருந்தார். மனு கதை அவருக்குத் தெரிந்திருந்தது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தோம்.

"எழுதிருங்க சார்," என்றார்.

"எதை?"

"பதிமூணும் தீன்னு எழுதிருங்க. நான்தான் மாத்தி எழுதுனேன்னு போடுங்க. மூணு வருசம்தானே. தம்பி ஊருல தோட்டம் இருக்கு, போயிருவேன்."

"நன்றாக யோசித்தீர்களா?"

"யோசிச்சுக்கிட்டே இருந்தா லாரி டவுனுக்குப் போயிரும்."

அன்று அலுவலகத்தில் எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து குறிப்பைத் தட்டச்சு செய்தேன். ஒரு பக்கம், பதிமூன்று வரி. தேதி, நேரம், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். நான் எழுதிய தாள்களிலேயே மிகச் சரியான தாள் அது. வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "இதுல தப்பு ஒண்ணும் இல்லை," என்றாள். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அவரு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டாரா?" என்று கேட்டாள். நான் அதை அவரிடம் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் காலை நான் விருதுநகர் ரயிலைவிட்டு இறங்கும்போது அண்ணாச்சி பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பின்னால் அவருடைய ஆட்கள் இருவர். இருவருக்கும் முப்பது வயதுகூட இருக்காது.

"அனுப்பிட்டீகளா சார்?"

"இல்லை. இன்று மாலைத் தபாலில் போகும்."

"அனுப்பாதீக."

பயிற்சிப் பதிவேட்டில் ஒவ்வொரு பயிற்சிக்குக் கீழேயும் கலந்துகொண்டவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் விதிதான். பதிமூன்றின் கீழேயும் ஆறு கையெழுத்து. முந்தின நாள் சாயங்காலம் அண்ணாச்சி தான் செய்துவிட்டு வந்ததைச் சொன்னபோது, ஆட்களில் ஒருவன் எழுந்து போய்ப் பதிவேட்டை எடுத்துவந்து அவர் முன்னால் திறந்து வைத்திருக்கிறான்.

"நான் என்னைய மட்டும்தான் நெனச்சேன் சார்," என்றார். "எழுதும்போது எல்லாப் பயலையும் கையெழுத்துப் போடுலே, போடுலேன்னு நான்தான் போடச் சொன்னேன்."

அந்த இருவரில் ஒருவன் என்னைப் பார்த்து, "நிலையம் போனா எங்கனயாச்சும் வேலை பாப்போம் சார். வேலையே போச்சுன்னா?" என்றான். மற்றவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குறிப்பு என் பையில் இருந்தது. அனுப்பினால் ஆறு குடும்பம். அனுப்பாவிட்டால் அந்த ஊர் வண்டியில்லாமல் நிற்கும். இப்படிச் சொன்னால் பெரிதாக ஏதோ முடிவெடுத்தவன் போலத் தோன்றும். நான் எதையும் முடிவெடுக்கவில்லை. தாளை எடுத்து அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. மாலைத் தபாலில் பழைய வரைவே போயிற்று. அழைப்பு நான்கு. பயிற்சி அறுபத்தொன்று. இணைக்கலாம்.

உத்தரவு வர மூன்று மாதம் ஆயிற்று. லாரியை ஒப்படைக்கும் நாளில் பட்டியல் சரிபார்க்க நான் போக வேண்டியிருந்தது. குழாய் இத்தனை, வாளி இத்தனை, கோடரி இரண்டு. எல்லாம் பட்டியலில் உள்ளபடி இருந்தது. கிணற்றை மட்டும் எடுத்துப்போக முடியாது. அது கிராமத்துக்கு என்று எழுதினேன். பம்பை லாரியின் பின்னால் மாட்டும்போது போர்மேன் சைக்கிளைப் பிடித்தபடி வந்து நின்றார்.

"அண்ணாச்சி, டவுன்ல இருந்தும் பயிற்சிக்கு வருவீகல்ல?"

"அங்கன நான் பொறுப்புல இல்லையே. இன்னொருத்தருக்குக் கீழ."

"அவருகிட்ட சொல்லி வைங்க."

"என்னத்தைன்னு சொல்ல?" என்றார் அண்ணாச்சி. போர்மேன் சைக்கிளை ஓரமாக நகர்த்தினார். லாரி கிளம்பியது. வெயில் ஏறுவதற்குள் நானும் பஸ் பிடித்தேன்.

அதன் பிறகு ஏழெட்டு மாதம் அந்தப் பக்கத்திலிருந்து டவுன் நிலையத்துக்கு ஓர் அழைப்பும் வரவில்லை. அதிகாரி இரண்டு முறை அதை எனக்குச் சுட்டிக்காட்டினார். சரியான முடிவு என்றார். என் மனைவியின் வார்டுக்கு மட்டும் அந்த ஊரிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இப்போது லோடு ஏற்றிப்போகும் லாரியிலோ, அது இல்லாவிட்டால் மத்தியான பஸ்ஸிலோ வந்தார்கள். காயத்தில் துணி ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு நேரமாகிவிடுகிறது என்று ஒரு முறை சொன்னாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள்.

அடுத்த சீசனில் ஒரு நாள் காலை சிவகாசி ரயில் நிலையத்தில் அண்ணாச்சியைப் பார்த்தேன். ஏதோ வேலையாக மதுரை போய்க்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். ரயில் வரப் பத்து நிமிடம் இருந்தது. முந்தின நாள் நடந்ததைச் சொன்னார்.

பகல் பன்னிரண்டு மணிக்குப் போர்மேன் டவுன் நிலையத்துக்கு வந்தாராம். பதினொரு மைலும் சைக்கிள். வேர்வையில் நனைந்திருந்தார். நேரே டவுன் நிலைய அதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நின்று, "ஐயா, எங்க கம்பெனியில ஒரு பயிற்சி வைக்கணும்," என்றாராம். அந்த அதிகாரி ஊருக்குப் புதியவர், நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, "தாராளமா வைக்கலாம். ஒரு விண்ணப்பம் எழுதிக் குடுங்க. தேதி பாத்துச் சொல்றோம்," என்றாராம்.

"நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"நாலடி தள்ளி நின்னேன் சார். குழாயைச் சுத்திக்கிட்டு."

"ஒன்றும் சொல்லவில்லையா?"

"போர்மேன் என்னைய ஒரு தடவ பாத்தாரு. அவரே தீன்னு சொல்லாம, நான் எப்படிச் சொல்ல? சொன்னா அந்தக் கம்பெனிக்குப் பூட்டு." மீசையைத் தடவிக்கொண்டார். "அந்த மனுசன் அங்கனயே ஒரு பேப்பர் கேட்டு வாங்கி, பெஞ்சுல உக்காந்து எழுத ஆரம்பிச்சிட்டாரு சார். நிறுத்தி நிறுத்தி முழுசா எழுதிக் குடுத்துட்டுத்தான் போனாரு."

ரயில் வந்தது. அவர் முன்பெட்டியில் ஏறினார். நான் வழக்கமான பெட்டியில் ஏறினேன்.

நான்காம் நாள் அந்த விண்ணப்பம் டவுன் நிலையத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் வந்தது. எங்கள் தொழிற்சாலையில் கூடிய விரைவில், தங்களுக்கு வசதியான ஒரு நாளில், தீயணைப்புப் பயிற்சி நடத்தித்தரும்படி பணிவன்போடு கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தது. எழுத்து அங்கங்கே வேர்வை பட்டுக் கலைந்திருந்தது. வரிசை எண் போட்டேன். வந்த தேதியை முத்திரையிட்டேன். கோட்ட அதிகாரி ஓரத்தில், அடுத்த மாதம் மூன்றாம் சனிக்கிழமை என்று எழுதினார். அதன்படி பதில் தட்டச்சு செய்து அன்றைய தபாலில் சேர்த்தேன்.